கல்லோடு வந்த சாமந்தி

மீன்கள் இரண்டும் சாமந்தியை விட்டுத் தள்ளி நின்றன.

தோளில் மாட்டியிருந்த பையைக் கீழே இறக்கும் முன்பே பங்கிராஸ் அதைப் பார்த்துவிட்டார். ஆறடி நீளத் தொட்டி அது. மூன்று பக்கம் சிமெண்டு, முன்பக்கம் மட்டும் கனத்த கண்ணாடி. அதன் மேற்கு மூலையில், காற்றுக் குழாய் குமிழி விடுகிற இடத்தில், அந்தக் கோமாளி மீன்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, மஞ்சள் வாலை மட்டும் ஆட்டியபடி சுவரைப் பார்த்து நின்றன. கடல் சாமந்தியோ மறுகோடியில், மணலின்மேல் ஒரு தாம்பாள அகலத்துக்கு விரிந்து கிடந்தது. பழுப்பும் பச்சையும் கலந்த அதன் குட்டை விரல்கள் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் ஒரு பக்கம் சாய்ந்தன, மறுபக்கம் சாய்ந்தன.

கோமாளி மீனுக்குச் சாமந்திதான் வீடு. வேறு எந்த மீன் பட்டாலும் கொட்டிச் சுருட்டி நடுவாய்க்குள் தள்ளிவிடுகிற அந்த விரல்களுக்குள் இவை மட்டும் புகுந்து படுக்கும், முட்டையிடும், சண்டை போடும். பதினான்கு வருஷமாக இந்தச் சோடியைப் பங்கிராஸுக்குத் தெரியும். ஒரு முழத்துக்கு மேல் அவை சாமந்தியை விட்டு விலகி அவர் பார்த்ததில்லை.

“என்ன பாக்குறீங்க பங்கிராஸு?” என்றார் பின்னால் நின்றிருந்த வயிரவன் செட்டியார்.

“மீனு ரெண்டும் ஒதுங்கி நிக்குதுங்கய்யா.”

“நேத்துலேருந்து அப்புடித்தான் நிக்குது. அதுகளுக்கு என்ன கோவமோ.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஐம்பது வயதிருக்கும். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஆனால் வேட்டியின் கீழ்ப்பகுதி முழங்கால் வரை நனைந்து காய்ந்து, உப்புப் பூத்து விறைத்திருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, கத்திரி வெயிலின் நடுவாரம். அரிமளத்தில் பகல் இரண்டு மணி. பங்கிராஸ் ஆவூர்க்காரர், புதுக்கோட்டைக் கல்லூரியில் விலங்கியல் பாடத்துக்கு லேபில் செயல்முறை சொல்லிக்கொடுப்பவர். அதற்கு முன் ஆறு வருஷம் மண்டபம் கடற்கரையில் தொட்டி மீன் பார்க்கும் வேலையில் இருந்தார். அப்போதுதான் ரங்கூனிலிருந்து திரும்பிய சோலையப்பன் செட்டியார் அவரைத் தேடிவந்து, வீட்டில் ஒரு துண்டுக் கடல் வேண்டும் என்று ஆசையைச் சொன்னார். இந்தத் தொட்டியைக் கட்டியபோது கூட நின்றவர் பங்கிராஸ்தான். சாமந்தியைக் கடலிலிருந்து எடுத்து, ஈரச்சாக்கு சுற்றி, வழியெல்லாம் மடியில் வைத்துக் கொண்டுவந்ததும் அவர்தான். மாதம் ஒருமுறை மீமிசலிலிருந்து லாரியில் கடல்நீர் வரும். பெரியவர் தினமும் மாலையில் நாற்காலி போட்டு இதன் முன்னால் உட்காருவார்.

சோலையப்பன் செட்டியார் போன வருஷம் இறந்துபோனார். அன்றிலிருந்து இரண்டு மகன்களுக்கும் பாகப்பிரிவினை. மூத்தவர் வயிரவன் அரிமளம் வீட்டிலேயே தங்கினார். இளையவர் சொக்கு பொன்னமராவதியில் வீடு கட்டிக்கொண்டு போனார். கடைசியாக மிச்சமிருந்தது இந்தச் சாமந்தி. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அது சொக்குவுக்கு விழுந்தது. பொன்னமராவதி வீட்டில் புதுத்தொட்டி கட்டி, ஒரு மாதம் கடல்நீர் ஊறவைத்து, பிறகு சொக்கு பங்கிராஸுக்குக் கடிதம் எழுதினார். எப்படி எடுக்க வேண்டும், எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று விவரமாகப் பங்கிராஸ் பதில் போட்டார். அண்ணன் தம்பி இருவருக்குமே ஆளுக்கொரு கடிதம்.

அன்று பகல் ஒரு மணிக்குச் சொக்குவின் பிளஷர் கார் புதுக்கோட்டைக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டது. ஓட்டிவந்த சந்தனம் வழியில் சொன்னான்: “சின்னவுக நேத்து மத்தியானமே அரிமளத்துல எறங்கிட்டாக. ராத்தங்கிட்டு இருக்கேன், நாளைக்கு நீ சாரை ஏத்திக்கிட்டு வந்துருன்னு சொன்னாக.”

ஆனால் வாசலுக்கு வந்து வரவேற்றது வயிரவன் மட்டும்தான்.

“சின்னவர் எங்கங்கய்யா?”

“உள்ளதான் இருக்கான். நீங்க வேலையப் பாருங்க.”

சந்தனத்தை வெளியே வேப்பமர நிழலில் காரோடு இருக்கச் சொல்லிவிட்டு, வயிரவன் தலைவாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார். பிறகு முதல்கட்டைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் பங்கிராஸை அழைத்துவந்தார். வரும் வழியில் பங்கிராஸ் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். அந்த வீட்டுக்குள் இப்போது நிமிர்ந்து பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

குனிந்தும் கண்ணில் பட்டதெல்லாம் பாதியாக இருந்தது. தேக்கு ஊஞ்சல் பலகை நடுவில் அறுக்கப்பட்டு, பாதிப் பலகை இரண்டு சங்கிலியில் கோணலாகத் தொங்கியது. ஆளுயரக் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை வெட்டப்பட்டுப் பாதிதான் சுவரில் இருந்தது. அலமாரிக்கு ஒரு கதவு. சாப்பாட்டு மேசைக்கு இரண்டு கால். மறுபக்கத்தைச் செங்கல் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். சுவரில் சோலையப்பன் செட்டியாரின் பெரிய போட்டோ. சட்டத்தோடு, மூக்கின் நேரே அறுத்திருந்தது. ஒரு கண், பாதி மீசை, பாதி உதடு. அந்த ஒற்றைக் கண் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எல்லாம் தம்பி கேட்டதுதான்” என்றார் வயிரவன், பங்கிராஸின் பார்வையைத் தொடர்ந்து. “எனக்குப் பாதி வேணும்னா பாதிதான்னு நின்னான். ஊஞ்சலை முழுசா நீயே கொண்டுபோடான்னேன். வேணாம், எம் பாதியக் குடுன்னான். ஆசாரி அழுதுக்கிட்டே அறுத்தாரு. அப்பச்சி படத்துல ரம்பத்தை வைக்கையில, எம் பொண்டாட்டி உண்ணாமலை பொட்டியக் கட்டிக்கிட்டு அவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. இந்த வீட்டுல ஒரு பொம்பளை இருக்க முடியாதுன்னுட்டா.”

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பங்கிராஸுக்கு என்னவோ செய்தது.

சீக்கிரம் முடித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று நினைத்தார். பையைத் திறந்தார். இரண்டு எனாமல் பேசின்கள், ஒரு பீங்கான் ஜாடி, மெல்லிய துணி வலை, ரப்பர் குழாய், ஈரச்சாக்கு. பித்தளையோ செம்போ இதற்கு ஆகாது. அதன் களிம்பு ஒரு துளி போதும், சாமந்தி அழுகிவிடும். கைவிரல் நகங்களை நேற்றே ஒட்ட வெட்டியிருந்தார். சாமந்திக்கு உயிர் அதன் அடிக்கால். மணலுக்குள் புதைந்து, அடியில் இருக்கும் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும் அந்தத் தசை நகம் பட்டுக் கிழிந்தால் மறுநாளே நாறும். நாறினால் தொட்டியில் இருக்கிற எல்லாம் சாகும். கிழியாமல் பெயர்த்தெடுக்க ஒரே வழி பொறுமை. வெளிச்சத்தை மறைத்து, அடிக்காலில் தண்ணீரைப் பீய்ச்சி, விரல்நுனியால் ஓரத்தை மெல்லமெல்ல நெம்ப வேண்டும். தானாகவே பிடியை விடும். விடவில்லையென்றால் பலவந்தம் பண்ணக் கூடாது. அது உட்கார்ந்திருக்கும் கல்லோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும்.

முதலில் மீன்கள். சாமந்தியோடு ஒரே பாத்திரத்தில் வைத்தால், பயணத்தில் அது சுருங்கும்போது அவை நசுங்கிவிடும். இவற்றைப் பிடிப்பதுதான் எப்போதும் பெரும்பாடு. பெண்மீன் சாமந்தியைக் காக்கும். கையைக் கடித்து ரத்தம் வரவைக்கும். பங்கிராஸ் வலையை இறக்கினார்.

இரண்டும் தாமாகவே வலைக்குள் வந்தன. அவசரமாக. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு.

ஜாடியில் விட்டதும் அடியில் போய்ப் பதுங்கின. பங்கிராஸ் அவற்றையே பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். காற்று மோட்டார் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தில் வெயில் வெள்ளை வெளேரென்று அடித்தது. அந்த வெக்கையில், கடல்நீரின் உப்பு வாடைக்கு அடியில், இன்னொரு வாடை மெல்ல எழுந்து வந்தது. இறைச்சிக் கடைச் சாக்கடை ஓரமாக நடக்கும்போது வருகிற வாடை. தண்ணீரின் மேல் ஓரங்களில் பழுப்பு நுரை கட்டியிருந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் எண்ணெய்ப் படலம் போல ஏதோ பளபளத்தது.

“தண்ணி கெட்டிருக்குங்கய்யா. இரை ஏதும் நெறையப் போட்டீங்களா?”

“கொஞ்சம் போட்டேன்.”

“எறாலா?”

வயிரவன் முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துண்டால் மூடிய ஏதோ கிடந்தது.

பங்கிராஸ் சாக்கைத் தொட்டியின் மேல் போட்டு வெளிச்சத்தை மறைத்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை கையை விட்டார். தண்ணீர் வெதுவெதுப்பாக, கொழகொழவென்று இருந்தது. அப்போதுதான் இன்னொன்று கவனத்துக்கு வந்தது. சாமந்தி இடம் மாறியிருந்தது. பதினான்கு வருஷமாக அது கவ்வியிருந்த பவளக்கல், அவரே கொண்டுவந்து புதைத்த கல், தொட்டியின் நடுவில் மொட்டையாக நின்றது. சாமந்தி அதை விட்டுவிட்டு இரண்டடி நகர்ந்து, மணல் மேடாகக் குவிந்திருந்த ஓர் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு மேடு அங்கே இருந்ததே இல்லை.

“புதுசாக் கல்லு ஏதும் வச்சீங்களா?”

“வச்சேன். கல்லை மட்டும்தான் நான் வச்சேன்” என்றார் வயிரவன். “சாமந்தியத் தொடவே இல்ல. ராத்திரியோட ராத்திரியா அதுவா நகந்து வந்து உக்காந்துக்கிருச்சு. காலையில பாத்தப்ப எனக்கே ஆச்சரியமாப் போச்சு.”

பங்கிராஸ் ரப்பர் குழாயின் ஒரு முனையில் ஊதி, அடிக்காலைச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சினார். மணல் கலங்கிப் புகையாக எழுந்தது. சாமந்தி ஒருமுறை சிலிர்த்தது. விரல்கள் அவருடைய முழங்கையில் பட்டு ஒட்டிக்கொண்டன. நூறு இடத்தில் ஒரே நேரத்தில் காஞ்சொறி தேய்த்தது போல எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். மேலும் பீய்ச்சினார். சாமந்தியின் நடுவாய் மெல்லத் திறந்தது. உதடு போலக் குவிந்தது. உள்ளிருந்து வெள்ளைச் சளி உருண்டை ஒன்று வெளியே வந்து, தண்ணீரில் சுழன்றபடி மிதந்து மேலே எழுந்தது.

சீரணிக்க முடியாததைச் சாமந்தி கக்கிவிடும். மீன் முள், எறால் ஓடு. அவர் அதை விரலால் ஒதுக்கப் போனார். சளிக்குள் கறுப்பாக, குட்டைகுட்டையாக என்னவோ இருந்தது. தேங்காய் நார் என்று நினைத்தார். நார் அத்தனை மெலிதாக இருக்காது. நார் இப்படிச் சுருளாது.

மயிர்.

ஆட்டு மயிராக இருக்கும். செட்டியார் வீட்டில் ஆடு ஏது? பூனையாக இருக்கும். பூனையேதான். மாதாவே. அவருடைய வலது கை அதற்குள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பதினான்கு வருஷப் பழக்கம். விரல்நுனி மணலுக்குள் இறங்கி அடிக்காலின் ஓரத்தைத் தேடியது. வழுவழுப்பான தசை. அதை ஒட்டி, அதன் கீழே, கல்.

கல் மெத்தென்று அமுங்கியது.

விரலை இழுத்துக்கொள்ள நினைத்தார். இழுக்கவில்லை. இன்னும் சற்று பக்கவாட்டில் நகர்த்தினார். ஒரு மடிப்பு. மடிப்புக்குள் ஒரு வளைவு. வளைவுக்குக் கீழே மெலிதான, தொங்கும் ஒரு சதைத்துண்டு. அதில் சிறு துளை. காது குத்திய துளை.



கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. மோட்டார் ஓடியது. குமிழிகள் வந்தன. வெடித்தன. வந்தன.

“என்ன பங்கிராஸு, விடலையா?”

பங்கிராஸ் திரும்பாமல் நின்றார்.

“விடாது” என்றார் வயிரவன். “நானும் காலையில தொட்டுப் பாத்தேன். நல்லாக் கவ்விக்கிருச்சு. கல்லோடயே எடுத்துருங்க. விடலைன்னா கல்லோட சேத்து எடுக்கணும்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க. நான் ஒங்க லெட்டரை நாலு தடவை படிச்சேன்.”

பங்கிராஸ் கையை வெளியே எடுத்தார். விரல்களிலிருந்து சொட்டிய தண்ணீர் மணலாலும் வேறு ஏதோ ஒன்றாலும் கலங்கியிருந்தது. திரும்பினார்.

வயிரவன் எழுந்து நின்றார். துண்டு விலகிக் கிடந்தது. கையில் அரிவாள். கழுவித் துடைத்து, எண்ணெய் தடவியிருந்த அரிவாள்.

“சின்னவர்...” என்று ஆரம்பித்தார் பங்கிராஸ்.

“இதையும் அறுப்போமான்னு கேட்டான்.” அவர் மெல்ல நெருங்கினார். “சீட்டு அவனுக்குத்தான் விழுந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போன்னு முழுசாத்தான் குடுத்தேன். நேத்து இந்த இடத்துல நின்னுக்கிட்டு, ஏண்ணே, இதையும் வேணா ரெண்டா அறுத்துக்குவமா, நீ அப்பச்சி கணக்கா தெனம் ஒக்காந்து பாக்கலாம்ல, ஒனக்கு வேற என்ன வேலைன்னு சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு உள்ள பாத்தான். குனிஞ்சப்ப கழுத்து தெரிஞ்சுச்சு. அவ்வளவுதான்.”

“ஐயா, நான் போறேன். நான் யார்கிட்டயும்...”

“போகலாம். இதை எடுத்துக்கிட்டுப் போகலாம். அவன் வீட்டுக்கு அவன் பங்கு போய்ச் சேரணுமா இல்லையா? அவன் பொண்டாட்டி ராஜேஸ்வரி புதுத்தொட்டியக் கழுவி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. உள்ள கையை விடுங்க.”

பங்கிராஸ் அசையவில்லை.

“கையை விடுங்க.”

அரிவாளின் நுனி அவருடைய கழுத்துக்குழியில் வந்து தொட்டது. குளிர்ச்சியாக இருந்தது. அவர் திரும்பினார். சாக்கை விலக்கினார். இரண்டு கையையும் விட்டார். மணலைத் தோண்டினார். கண்ணை மூடிக்கொண்டு தோண்டினார். மூடியும் பயனில்லை, விரல்கள் பார்த்தன. தாடை. மோவாய்க் குழி. மணல் அடைத்த வாய். கீழே, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், கிழிந்த சவ்வுகளும் முள் போன்ற எலும்பும். இரு கையாலும் ஏந்தித் தூக்கினார். கனத்தது. மணல் சரசரவென்று வழிந்தது.

தண்ணீரை விட்டு மேலே வந்ததும் சாமந்தி சுருங்கியது. தொப்பி போல நெற்றியையும் ஒரு கண்ணையும் மூக்கையும் மூடி இறுகியது. மூடாத மறுகண் பாதி திறந்திருந்தது.

பங்கிராஸின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் அதைக் கீழே போட்டுவிட்டார்.

தொட்டிக்குள்ளேயே விழுந்தது. தண்ணீர் எழும்பி அடித்தது.

“மெதுவா!” என்று அலறினார் வயிரவன். முதல்தடவையாகக் குரல் உயர்ந்தது. “காலு கிழிஞ்சுரும்டா!”

அரிவாள் வந்தது. பங்கிராஸ் குனிந்தார். தலைமுடியை உரசிக்கொண்டு போன வெட்டு கண்ணாடியில் விழுந்தது.

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும். அது கிளை விட்டது. பிறகு ஆறடிக் கண்ணாடி மொத்தமாக வெடித்தது. தண்ணீர் சுவராக வந்து இருவரையும் அடித்துத் தள்ளியது. பங்கிராஸ் மல்லாந்து விழுந்தார். உள்ளங்கையில் ஒரு சில் ஏறி மறுபக்கம் நுனி நீட்டியது. வாயில் உப்பும் மணலும் அழுகலும். எழுந்தார். வழுக்கினார். முழங்காலில் ஊர்ந்தார். பின்னால் வயிரவன் நொண்டிக்கொண்டே வந்தார். அவருடைய தொடையில் ஒரு முழ நீளக் கண்ணாடி குத்தி நின்றது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

“என்ன காரியம் பண்ணீங்க! அப்பச்சி தொட்டியில்ல! அப்பச்சி தொட்டியில்ல!”

இரண்டாவது வெட்டு பங்கிராஸின் இடது கையில் விழுந்தது. வலி இல்லை. தரையில், தண்ணீரில், சுண்டுவிரலும் மோதிரவிரலும் தனியாகக் கிடந்ததைப் பார்த்தார். அவை அவருடையவை என்று புரிய நேரமாயிற்று.

கத்தினார். சந்தனம், சந்தனம் என்று கத்தினார்.

தலைவாசல் தாழ் போட்டிருந்தது. கண்ணாடி உடைந்த சத்தத்திலேயே சந்தனம் ஓடிவந்திருக்க வேண்டும். சுற்றிக்கொண்டு கொல்லைப்புறக் கதவை உடைத்து, கையில் கார் ஜாக்கியின் இரும்புக் கம்பியோடு உள்ளே வந்தான். “பெரியவுகளே, விடுங்க!” என்று சொல்லிக்கொண்டே வந்தான். முதலாளி வீட்டுப் பெரியவர் என்பதால் கம்பியை ஓங்கவில்லை. அந்த ஒரு தயக்கம்தான். அரிவாள் அவனுடைய தோள்பட்டையில் இறங்கி எலும்பில் சிக்கி நின்றது. வயிரவன் காலால் அவன் மார்பில் மிதித்து அதைப் பிடுங்கினார். அரிசி மூட்டை பிரிவது போல அவன் சரிந்தான். ரத்தம் முற்றத்து வெயிலில் பீய்ச்சியடித்தது.

பங்கிராஸ் கம்பியை எடுத்தார். எப்படி எடுத்தார் என்று தெரியாது. எலியைக்கூட அடித்தறியாதவர். ஓங்கி அடித்தார். முழங்கையில் பட்டது, நொறுங்கும் சத்தம் கேட்டது. அரிவாள் விழுந்தது. இன்னொரு அடி. விலாவில். இன்னொன்று. வாயில் பட்டுப் பற்கள் சிதறின. ஐயா, ஐயா என்று சொல்லிக்கொண்டே அடித்தார். வயிரவன் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். திருப்பி அடிக்கக் கை தூக்கவில்லை. அவர் பங்கிராஸைப் பார்க்கவே இல்லை. தரையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

பங்கிராஸ் கம்பியை எறிந்துவிட்டுச் சந்தனத்தின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தார். மூன்று விரல் மிச்சமிருந்த கையாலும், கண்ணாடிச் சில் ஏறிய கையாலும். கொல்லை வாசல் வரை. படி வரை. அங்கே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சந்தனம் பிழைத்தான், ஆனால் அந்தக் கையால் பிறகு ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. பொன்னமராவதியில் ராஜேஸ்வரி புதுத்தொட்டியைக் கடப்பாரையால் தானே உடைத்துப் போட்டதாகச் சொன்னார்கள். சொக்குவின் உடல் வைக்கோல் அறையில் கிடைத்தது. வயிரவன் மீதான வழக்கு எட்டு மாதம் நடந்தது. கடைசியில் அவரைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாட்சிக் கூண்டில் பங்கிராஸ் எல்லாவற்றையும் சொன்னார். காதுத் துளையைச் சொன்னார், எத்தனை அடி அடித்தார் என்பதைச் சொன்னார். கொல்லைப்படியில் நின்று திரும்பிப் பார்த்தபோது கண்டதை மட்டும் சொல்லவில்லை. மனைவி ஞானமணியிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லவில்லை.

அப்போது வயிரவன் தேடியது கிடைத்துவிட்டிருந்தது. ஒடிந்த கையாலேயே அதை மடியில் ஏந்தி வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீரெல்லாம் முற்றத்துச் சாலகம் வழியே வடிந்து, வெயில் தரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. தண்ணீரை விட்டு வெளியே வந்த சாமந்தி களிமண் உருண்டை போலச் சுருங்கி, தொய்ந்து கிடக்க வேண்டும். அது விரிந்திருந்தது. தம்பியின் முகம் முழுவதையும் மூடி, காதுக்குக் காது விரிந்து, காற்றே இல்லாத அந்தப் பகலில் அத்தனை விரல்களும் நிமிர்ந்து நின்று, ஒரு பக்கம் சாய்ந்தன, மறுபக்கம் சாய்ந்தன. நடுவில் வாய் இருந்த இடம் குவிந்தது. அகன்றது. மூடியது. மறுபடி குவிந்தது. அளவாக, நிதானமாக, ஒரு ஆள் பேசுவது போல.

வயிரவன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உடைந்த வாயிலிருந்து ரத்தம் ஒழுக, “ம்... ம்... சரி தம்பி” என்றார்.

பிறகு இருவரும் திரும்பிப் பங்கிராஸைப் பார்த்தார்கள்.